தேயிலைக்கு ஈடாகத் தோட்டப் பிள்ளைகளின் மூச்சா?

2017 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு சிறு வண்டு இலங்கை மந்திரிசபையின் முதுகெலும்பை வளைத்தது. கப்ரா என்பது அதன் பெயர்; களஞ்சியத்துத் தானியத்தைத் தின்று வாழும் பூச்சி அது. இலங்கையிலிருந்து சென்ற தேயிலைப் பொதியொன்றில் அவ்வண்டைக் கண்டதாகக் கூறி, ரஷ்ய அரசாங்கம் அம்மாதம் 18 ஆந் திகதி முதல் நம் நாட்டுத் தேயிலையினதும் ஏனைய விளைபொருள்களினதும் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்திற்று.

இதற்கு முன்னரே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசாங்கம் ஒரு நல்ல தீர்மானத்தை அறிவித்திருந்தது. அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நாரின் இறக்குமதியை 2018 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொட்டுக் கட்டுப்படுத்தி, 2024 ஆம் ஆண்டளவில் அதன் பாவனையை அடியோடு ஒழிப்பது என்பதே அத்தீர்மானம். உலகிலே கல்நாரை மிகுதியாகத் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. இலங்கைக்குக் கூரைத் தகடு செய்ய வரும் கல்நாரின் பெரும்பகுதி அங்கிருந்தே வருவது. சிலோன் தேயிலையை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் ஒன்றும் அதே ரஷ்யா.

பின் நடந்தது என்ன? வண்டுச் செய்தி வந்த சில நாள்களுக்குள் மந்திரிசபை கல்நார்க் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. பேச்சுவார்த்தைக்கென ஒரு குழு மொஸ்கோவுக்குப் பறந்தது. அம்மாதம் முடிவதற்குள் ரஷ்யா தன் தடையைத் தளர்த்திற்று. வண்டு மறைந்தது, தேயிலை கப்பலேறியது, கல்நார் கப்பலிறங்கியது!

வண்டுக்கும் கல்நாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று இரு அரசாங்கங்களும் சாதிக்கலாம். நாம் வாதிட வரவில்லை. நாள்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் சிறு பிள்ளைக்கும் விடை விளங்கும். 2024 ஆம் ஆண்டும் வந்து போயிற்று. அடியோடு ஒழிப்போம் என்ற வாக்குறுதி நிறைவேறாமலே போயிற்று.

அந்தத் தேயிலையைப் பறித்தவர் யார்? வட்டவளையிலும் அட்டனிலும் நுவரெலியாவிலும் மழையில் நனைந்து கொழுந்து கொய்த நம் மலையகத் தாய்மார்கள். அவர்கள் கைப்பட்ட இலையைக் காப்பாற்றுவதற்காக, அவர்களுடைய பிள்ளைகளின் தலைக்கு மேலே நச்சுக் கூரையை நிலைநிறுத்த ஒப்புக்கொண்டது ஓர் அரசாங்கம். உழைத்தவளின் உழைப்பைக் காட்டியே உழைத்தவளின் மூச்சை விலைபேசிய இந்த வியாபாரத்தை என்னவென்று சொல்வது?

நாம் சொல்ல வருவது ஒன்றே. வீட்டிலும் பாடசாலையிலும் மக்கள் சுவாசிக்கும் காற்று நஞ்சாகாமல் காப்பது அரசாங்கத்தின் கடமை. அக்கடமையைச் சந்தைப் பண்டமாக்கி விற்கும் உரிமை எந்த மந்திரிக்கும் இல்லை.

காற்றுக்குப் பொறுப்பாளி யார்?

“கூரை அவரவர் விருப்பம்; வீடு அவரவர் சொத்து; இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்று கேட்பார் உளர். அவர்களுக்குப் பிறநாட்டு அநுபவம் ஒன்றை எடுத்துக்காட்டுவோம்.

ரேடன் என்று ஒரு வாயு உண்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே அமைந்துள்ள யுரேனியம் சிதையும்போது அது தோன்றுகின்றது. நிலத்தின் வெடிப்புகள் வழியாக மேலெழுந்து, காற்றோட்டமில்லாத அறைகளிலே தேங்குகின்றது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரற் புற்றுநோய்க்குப் பெருங் காரணமாவது இவ்வாயுவே என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. வீட்டுக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 100 பெக்கரல் என்ற அளவை இலக்காகக் கொள்ளுமாறும், முடியாதவிடத்து 300 ஐத் தாண்டவிடாதிருக்குமாறும் அது 2009 ஆம் ஆண்டில் எல்லா அரசாங்கங்களுக்கும் ஆலோசனை வழங்கிற்று.

ரேடனை எந்தக் கம்பனியும் செய்யவில்லை. எந்த மந்திரியும் அதற்கு அநுமதிப்பத்திரம் வழங்கவில்லை. அது இயற்கையின் செயல். அவ்வாறிருந்தும் ஐக்கிய அமெரிக்கா 1988 ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் இயற்றிற்று. அயர்லாந்து அரசாங்கம் 1998 க்கும் 2004 க்கும் இடையில் நாடெங்குமுள்ள பாடசாலைகளில் அளவுகருவிகளை வைத்து அளந்தது. அளவு மிஞ்சிய வகுப்பறைகளைத் திருத்தும் பொறுப்பையும் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகள் யாவற்றுக்கும் இதனைச் சட்டக் கடமையாக்கிற்று.

அந்த அரசாங்கங்கள் ஏன் அப்படிச் செய்தன? கண்ணுக்குத் தெரியாத நஞ்சைத் தனிமனிதன் தானாகக் கண்டுபிடிக்க இயலாது. அளக்கும் கருவி அவனிடம் இல்லை. ஆய்வுகூடம் அவனிடம் இல்லை. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பு என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துகின்ற அரசாங்கம், அந்தப் பாடசாலையின் காற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்று கைகழுவ முடியாது.

இயற்கை தரும் நஞ்சுக்கே அரசாங்கம் பொறுப்பென்றால், சுங்கத்திலே வரி வாங்கிக்கொண்டு, துறைமுகத்தின் வழியாக உள்ளே விட்ட நஞ்சுக்கு எவ்வளவு பொறுப்பு!

வட்டவளையின் மழையும் கூரையும்

நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் கலபொடைக்கும் றொசல்லைக்கும் இடையில் உள்ளது வட்டவளை. இலங்கையிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டு மழை ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நான்கு ஆண்டுகளில் காணும் மழையை வட்டவளை மக்கள் ஓராண்டில் காண்கின்றனர் என்றால் அவ்வூரின் நிலை விளங்கும்.

அத்தகைய ஊரில் கூரை என்பது அலங்காரமன்று; உயிர். வெள்ளைத் துரைமார் காலத்தில் கட்டப்பட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலே, ஒரு குடும்பமே பிறந்து வளர்ந்து மணமுடித்து மடிகின்றது. மேலே தகரம். மழை பெய்தால் பேசுவது கேளாது. வெயில் எறித்தால் அடுப்புக்குள் இருப்பது போன்ற வெம்மை. சில ஆண்டுகளில் துரு தின்று ஓட்டை விழும். இன்றும் மலையகத்தின் பல லயங்களில் இந்தத் தகரமே எஞ்சி நிற்கின்றது.

எனவே, துருப்பிடிக்காத, மழையோசையை அடக்குகின்ற, விலையும் மலிந்த அஸ்பெஸ்டஸ் தகடு சந்தைக்கு வந்தபோது மக்கள் அதனை விரும்பினர் என்பதில் வியப்பில்லை. பாடசாலைகளும் வீடுகளும் கடைகளும் அதனை ஏற்றன. விரும்பி வாங்கிய ஏழையை நாம் குறைகூற மாட்டோம். ஓட்டைத் தகரத்தின் கீழ் நனைந்தவன், நனையாத கூரையைத் தேடினான். அத்தகட்டுக்குள் என்ன இருக்கின்றது என்பதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. குற்றம் அங்கே இருக்கின்றது.

அத்தகட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கல்நார், எஞ்சியது சீமெந்து. புதிதாய், முழுதாய் இருக்கும்வரை நார் சீமெந்துக்குள் கட்டுண்டிருக்கும். ஆகையால், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் இன்றிரவு படுத்தவர் நாளைக் காலை நோயாளியாக எழுவார் என்று நாம் பயமுறுத்தவில்லை. அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், உரஞ்சித் துடைக்கும்போதும் அந்நார்கள் கட்டவிழ்ந்து காற்றில் கலக்கின்றன. மழையும் வெயிலும் காற்றும் ஆண்டாண்டாக அரித்துப் பழையதாகிய தகடும் சிறிது சிறிதாக நாரை உதிர்க்கின்றது.

இப்பொழுது வட்டவளையை நினைத்துப் பாருங்கள். மழை அதிகம்; ஆதலால் பாசி அதிகம். பாசி படர்ந்த கூரையைத் தும்புத்தடியாலும் கம்பித் தூரிகையாலும் உரஞ்சிக் கழுவுவது மக்களின் வழக்கம். காற்றிலே மரக்கிளை முறிந்து வீழ்ந்து தகடு நொறுங்குகின்றது. நொறுங்கிய துண்டைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுகின்றனர். பெரியவர்கள் சேற்றுப் பாதையில் பரப்புகின்றனர். பாடசாலைக்கு ஒரு மின்விளக்குப் பொருத்த வேண்டுமென்றால் தச்சன் வந்து கூரையைத் துளைக்கின்றான். தூள் மேசையில் வீழ்கின்றது. ஆசிரியை பிள்ளைகளைக்கொண்டு கூட்டுவிக்கின்றாள். இவர்களுள் யாருக்கேனும் ஒரு எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரமாவது அரசாங்கம் தமிழில் கொடுத்ததுண்டா?

நாற்பதாண்டு காத்திருக்கும் நோய்

கல்நார் என்ன செய்யும் என்பது இன்று நேற்றுத் தெரியவந்த விஷயமன்று. 1960 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் வாக்னர் என்னும் நோய்க்குறி நிபுணரும் அவர் தோழரும் 33 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நுரையீரலைப் போர்த்திய மென்சவ்வில் தோன்றும் அரிய புற்றுநோய் அவர்களைப் பற்றியிருந்தது. மீசோதெலியோமா என்பது அதன் பெயர். அவர்களிற் பலர் சுரங்கத்துள் இறங்கியவர்களே அல்லர். சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்தவர்கள். சிறுபராயத்தில் கல்நார்க் குவியல்களிலே விளையாடியவர்கள். விளையாடிய காலத்துக்கும் நோய் வெளிப்பட்ட காலத்துக்கும் இடையில் பல பதிற்றாண்டுகள் கடந்திருந்தன.

அது நீலக் கல்நார். நம் நாட்டுக்கு வருவது வெள்ளைக் கல்நார். அதனால் தீமையில்லை என்று வியாபாரிகள் வாதிக்கின்றனர். இவ்வாதத்தைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்கவில்லை. வெள்ளைக் கல்நார் உள்ளிட்ட எல்லாக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று அது தீர்ப்பளித்து, முதலாந் தொகுதியிலே சேர்த்திருக்கின்றது. நாம் மேலே சொன்ன ரேடனும் அதே முதலாந் தொகுதியிலேதான் இருக்கின்றது. நுரையீரல், குரல்வளை, பெண்களின் சூலகம் ஆகியவற்றில் புற்றுநோயும், மேற்கூறிய மென்சவ்வுப் புற்றுநோயும் கல்நாரால் வருவன. எல்லா வகைக் கல்நாரின் பாவனையையும் நிறுத்துவதே இந்நோய்களை ஒழிப்பதற்குச் சிறந்த வழி என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2006 ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிற்று. 60 க்கும் மேற்பட்ட நாடுகள் அவ்வாறே தடுத்துவிட்டன.

பாடசாலைகளைப் பற்றி நாம் ஏன் தனித்துப் பேசுகின்றோம்? நார் உட்சென்று நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் செல்லும். அறுபது வயது முதியவர் அந்த நாற்பதாண்டைக் காணாமலே போய்விடலாம். ஐந்து வயதுப் பிள்ளை நிச்சயம் காணும். ஒரே அளவு கல்நாரை முப்பது வயதில் சுவாசிக்கத் தொடங்குபவரிலும், ஐந்து வயதில் சுவாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வாழ்நாளில் அந்நோய் வரக்கூடிய அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று பிரித்தானிய அரசாங்கத்தின் நிபுணர் குழு 2013 ஆம் ஆண்டில் கணித்தது.

கூரையால் பிள்ளைகள் மாண்ட கொடுமையை நம் தமிழுலகம் ஒருமுறை கண்டிருக்கின்றது. 2004 ஆம் ஆண்டு சூலை 16 ஆந் திகதி கும்பகோணத்தில் ஒரு பாடசாலையின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் கருகினர். நாடே அழுதது. பாடசாலைகளிலிருந்து கீற்றுக் கூரையை அகற்றுமாறு தமிழ்நாட்டு அரசாங்கம் உத்தரவிட்டது. பாடசாலைக் கூரைக்கு அரசாங்கம் பொறுப்பு என்பதை அன்று எவரும் மறுக்கவில்லை. அந்தத் தீ ஒரு காலைப் பொழுதில் எரிந்தது, புகை வானில் எழுந்தது, கண்ணால் கண்டனர். கல்நாரின் தீயோ நாற்பதாண்டு மெல்ல எரிகின்றது. அதற்குப் புகையில்லை. நோய் வந்தவர் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு வைத்தியசாலையில், ஒருவரையொருவர் அறியாமல் கண்மூடுவர். அவர்களுக்காக எந்த நாடும் ஒரே நாளில் அழுவதில்லை. அழுகை கேளாதென்பதால் அரசாங்கம் உறங்கலாமா?

சொல்லப்படும் சாக்குகள்

“இலங்கையில் கல்நார் நோயாளர் எங்கே? கணக்குக் காட்டுங்கள்” என்று கேட்கின்றனர். கணக்கெடுக்க வேண்டியவர் யார்? தோட்டத்து வைத்தியசாலையில் இருமலோடு வந்து நிற்கும் தொழிலாளியிடம், நீ எந்தக் கூரையின் கீழ் வளர்ந்தாய், எந்தத் தகட்டை அறுத்தாய் என்று எந்தப் படிவம் கேட்கின்றது? இருமல் என்றால் காசம், மூச்சிரைப்பு என்றால் முட்டு, மரணம் என்றால் முதுமை. எழுதிவைக்காத நோய் இல்லாத நோயாகிவிடாது.

“இது ஏழையின் கூரை, இதனைப் பறித்தால் ஏழை எங்கே போவான்?” என்பது அடுத்த சாக்கு. ஏழைக்காக இவர்கள் வடிக்கும் கண்ணீர் நம்மை உருக்குகின்றது! மலிந்த விலையென்று சொல்லப்படும் அக்கூரையின் முழு விலை வாங்கும் நாளில் கொடுக்கப்படுவதில்லை. எஞ்சிய விலையை நாற்பதாண்டு கழித்து அக்குடும்பமும், இலவச வைத்தியசாலையை நடத்தும் பொதுத் திறைசேரியும் கொடுக்க நேரும். இலாபம் எடுத்தவன் அப்பொழுது அங்கே இருக்கமாட்டான். மேலும், கல்நாருக்குப் பதிலாகச் செயற்கை நாரும் மரநாரும் சேர்த்த சீமெந்துத் தகடுகள் உலகெங்கும் செய்யப்படுகின்றன. களிமண் ஓடு நம் நாட்டின் பழைய தொழில். பூச்சிட்ட உலோகத் தகடுகளும் உண்டு. வரியைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் பெற்ற அரசாங்கம், நஞ்சில்லாத தகட்டின் விலையை ஏழைக்கு எட்டும்படி செய்ய இயலாதென்றால் அதனை யார் நம்புவர்? தகடு செய்யும் தொழிற்சாலைகளில் வேலைசெய்வோரின் பிழைப்பும் இம்மாற்றத்தால் கெட வேண்டியதில்லை. உண்மையில், தூளை நாள்தோறும் மிக அருகில் நின்று சுவாசிப்பவர் அவர்களே. விடுதலை முதலில் வேண்டுவதும் அவர்களுக்கே.

“ரஷ்யச் சந்தை போனால் தோட்டமே மூடப்படும், தொழிலாளி பட்டினி கிடப்பான்” என்பது மூன்றாவது சாக்கு, மிகவும் கூர்மையானதும் இதுவே. சந்தையின் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. தேயிலை விலைபோகாவிட்டால் முதலில் காய்வது தோட்டத் தொழிலாளியின் அடுப்பு என்பதை நாம் அறிவோம். அதனாலேயே கேட்கின்றோம்: ஒரே வாங்குபவன் கண் சிவந்தால் நாடே நடுங்கும் நிலைக்கு நம் பிரதான ஏற்றுமதியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? தொழிலாளியா? நேற்றுத் தேயிலைக்காகக் கூரையை விட்டுக்கொடுத்தவர்கள், நாளை வேறொருவன் மிரட்டினால் குடிநீரையும் விட்டுக்கொடுப்பார்கள் அன்றோ? சந்தையைக் காக்கும் சாமர்த்தியம் இராசதந்திரிகளிடம் இருக்க வேண்டும்; அதன் செலவைப் பாலர் வகுப்பின் கணக்கில் எழுதக்கூடாது.

சொந்தமில்லாத கூரை

மற்றெந்தப் பகுதியிலும் சொல்லக்கூடிய மறுமொழியொன்று மலையகத்தில் சொல்ல முடியாததாகும். “கூரை கெட்டதென்றால் மாற்றிக்கொள்” என்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டுக்காரனுக்குச் சொல்லலாம். லயத்துக் காம்பிராவில் வாழ்பவனுக்கு எப்படிச் சொல்வது?

1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களை அரசாங்கம் தன்வசமாக்கிற்று. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகத்தைப் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளின் கையிலே கொடுத்தது. நிலத்தின் உரிமை அரசாங்கத்திடமே நின்றது. குத்தகை கம்பனியிடம் சென்றது. ஓட்டையும் ஒழுக்கும் தொழிலாளிக்கு எஞ்சின. ஐந்து தலைமுறையாக அவ்விடத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் அக்காம்பிரா சொந்தமன்று. தகடு ஒன்றை மாற்றவும் தோட்டத்துரையின் சம்மதம் வேண்டும். பிரதேச சபைக்குப் போவோமென்றால், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், 2018 ஆம் ஆண்டில் திருத்தப்படும் வரையில், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடக் குறுக்கே நின்றது.

பாடசாலைகளின் நிலையும் இதுவே. 1970 களின் கடைசியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அன்று முதல் அவற்றின் சுவருக்கும் கூரைக்கும் உரியவர் அரசாங்கமேயன்றி வேறெவருமிலர். ஆக, வீட்டின் நிலமும் அரசாங்கத்தது. பாடசாலைக் கட்டிடமும் அரசாங்கத்தது. இறக்குமதிக்கு அநுமதி கொடுத்ததும் அரசாங்கம். தடுப்போம் என்று சொல்லிப் பின்வாங்கியதும் அரசாங்கம். பொறுப்பை மட்டும் யார் தலையில் கட்டுவது?

பிறர் செய்ததைப் பாரீர்

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. தென்கொரியா 2009 ஆம் ஆண்டில் கல்நாரை முற்றாகத் தடுத்து, அதன்பின் கிராமத்து வீடுகளின் பழைய கல்நார்க் கூரைகளை அகற்றப் பொதுப்பணத்தில் உதவி வழங்கி வருகின்றது. நோயுற்றோருக்கு நிவாரணச் சட்டமும் இயற்றிற்று. போலந்து நாடு 2032 ஆம் ஆண்டுக்குள் தன் மண்ணிலுள்ள எல்லாக் கல்நாரையும் அகற்றுவதெனத் திட்டம் வகுத்திருக்கின்றது. அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவில் ஆயிரம் வரையிலான வீடுகளின் கூரைக்குள் முன்னொரு காலத்தில் உதிரிக் கல்நார் நிரப்பப்பட்டிருந்தது. 2014 ஆம் ஆண்டில் அரசாங்கம் அவ்வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடிக்க முன்வந்தது. “வீட்டுக்காரன் பாடு” என்று சொல்லிவிட்டு இருக்கவில்லை.

இனி, நாம் வற்புறுத்துபவை இவை:

முதலாவது: நாட்டிலுள்ள பாடசாலைகள் அனைத்தின் கூரைகளையும் அரசாங்கம் பரிசோதித்து, எங்கே கல்நார் உண்டு, அது எந்நிலையில் உண்டு என்பதைப் பகிரங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை மிகுந்த, தகடு விரைந்து அரிபடும் மலையகத்தில் இவ்வேலை தொடங்க வேண்டும்.

இரண்டாவது: உடைந்து சிதைந்த கூரைகளை முதலிலும், ஏனையவற்றைப் படிப்படியாகவும், பயிற்சி பெற்ற ஆட்களைக்கொண்டு அகற்ற வேண்டும். அகற்றிய துண்டுகளைப் புதைக்கத் தனியிடம் ஒதுக்க வேண்டும். ஆற்றோரத்திலும் பாதையிலும் கொட்டவிடுதல் கூடாது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரங்களில் உடைந்த கல்நார்த் தகடுகள் இடிபாடுகளோடு கலந்து கிடந்த காட்சி மீண்டும் வேண்டாம்.

மூன்றாவது: அரசாங்கப் பணத்தில் கட்டப்படும் எந்த வீட்டுக்கும் பாடசாலைக்கும் இனிக் கல்நார்த் தகடு ஏறக்கூடாது. தோட்டங்களில் எழும் புதிய வீடுகளுக்கு இது குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனையாதல் வேண்டும்.

நான்காவது: இறக்குமதித் தடைக்கு ஒரு திகதியைக் குறித்து, மந்திரிசபையின் ஓர் இரவுத் தீர்மானத்தால் அழிக்க முடியாதபடி அதனைப் பாராளுமன்றத்தின் சட்டமாக்க வேண்டும்.

ஐந்தாவது: நுரையீரல் நோயோடு வரும் ஒவ்வொருவரின் தொழிலையும் வாழ்ந்த வீட்டின் தன்மையையும் வைத்தியசாலைப் பதிவிலே சேர்க்க வேண்டும்.

ஆறாவது: பாடசாலைகளுக்குச் செல்லும் பரிசோதகர் கூரையை மட்டும் பார்த்துத் திரும்பாது, இலங்கை அணுசக்திச் சபையின் துணையோடு அறைகளின் ரேடன் அளவையும் எடுக்க வேண்டும். பழம்பெரும் பாறைகளின் மேல் அமைந்தது மலைநாடு. குளிருக்குப் பயந்து கதவடைத்து, விறகுப் புகையோடு உறங்கும் காம்பிராக்களில் எது தேங்கினும் அது பிள்ளையின் நெஞ்சுக்கே போகும். அளந்து பார்த்து அபாயமில்லையென்று அறிந்தால் மகிழ்வோம். அளவாமலே அபாயமில்லையென்று சொல்வதை ஏற்கமாட்டோம்.

படித்தவரும் உழுபவரும்

இது மலையகத்தாரின் விவகாரம் என்று வடக்கிலும் கிழக்கிலுமுள்ள நம்மவர் ஒதுங்குதல் கூடாது. கமக்காரர் தம் மாட்டுக் கொட்டிலுக்கும் நெற்களஞ்சியத்துக்கும் வேய்ந்திருப்பதும் இதே தகடுதான். அதனை உலர்ந்தபடி அறுக்காதீர்; துளைக்காதீர்; பாசியை உரஞ்சாதீர். உடைந்ததை எடுக்க நேர்ந்தால் நன்றாக நனைத்து, மூக்கையும் வாயையும் தகுந்த கவசத்தால் மூடி எடுங்கள். தூளைத் துடைப்பத்தால் கூட்டாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர். பயந்து நீங்களே கூரையை இடித்துத் தள்ளுவதிலும், உடையாத கூரையை உடையாமல் காப்பது நன்று.

நம் பொறியியலாளர் கட்டிட மதிப்பீடு எழுதும்போது கல்நாரை மறுத்து எழுதலாம். நம் வைத்தியர் நோயாளியிடம் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்கலாம். நம் வழக்கறிஞர் இதனை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். அண்டை நாடான இந்தியாவில் 1995 ஆம் ஆண்டிலேயே கல்நார்த் தொழிலாளியின் சுகம் வாழும் உரிமையின் பகுதி என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கின்றது. நம் ஆசிரியர் தம் வகுப்பறைக் கூரையின் நிலையை எழுதி வலயக் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கலாம். நம் பாராளுமன்ற உறுப்பினரை நாம் கேட்கலாம்: தேர்தல் மேடையில் லயத்தைப் பற்றிக் கண்ணீர் வடித்தீரே, லயத்துக் கூரையைப் பற்றிச் சபையிலே எத்தனை முறை வாய்திறந்தீர்?

1948 ஆம் ஆண்டில் இந்நாடு மலையகத் தமிழனின் பிரசாவுரிமையைப் பறித்தது. அதனைத் திரும்பப் பெறுவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் பல பதிற்றாண்டுகள் சென்றன. அந்த அநீதி காகிதத்தில் இழைக்கப்பட்டது. காகிதத்தால் திருத்தவும் முடிந்தது. நெஞ்சுக்குள் தைத்த நாரை எந்தச் சட்டமும் திரும்ப எடுக்காது. ஆகையால் தாமதிக்க நேரமில்லை.

வட்டவளையில் இன்று முதலாம் வகுப்பில் அமர்ந்து அகரம் எழுதும் பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது இன்றைய மந்திரிகள் எவரும் பதவியில் இருக்கமாட்டார்கள். அப்பிள்ளையின் மூச்சு இருக்க வேண்டும். அதற்கான கட்டளையை இன்றைய அரசாங்கம் இன்றே பிறப்பிக்கட்டும்.